வண்டிக்கு அடியில் ஒரு பச்சைச் சொட்டு: ஒரு சின்ன வரலாறு



"டீச்சர், வண்டியில் கூலன்ட் ஒழுகுது, வீட்டிலேயே சரி பண்ணலாமா?" என்று இந்த வருடம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஒருவரிடம் ரேடியேட்டரையே மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். இன்னொருவர் மஞ்சள் தூள் போடலாமா என்கிறார். நான் மெக்கானிக் இல்லை, வகுப்பெடுத்தே பழகியவள். இதிலுள்ள வேலை முறைகளை ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் நம் பழைய மாணவர் ஒருவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன். வரலாறு என் பங்கு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

என் காலத்து வண்டிகளில் ஒழுக எதுவுமே கிடையாது. ஓசூரில் 1980-இல் வந்த டிவிஎஸ் 50-இல்தான் பல வருடம் பள்ளிக்கூடம் போனேன். அதன் இன்ஜினைச் சுற்றித் தட்டுத் தட்டாக உலோக விளிம்புகள் இருக்கும். ஓடும்போது படும் காற்றே இன்ஜினைக் குளிர வைத்துவிடும். 1955 முதல் சென்னையில் உருவான புல்லட்டுக்கும் அதே ஏற்பாடுதான். அதனால்தான் "தண்ணீர் ஊற்றும் பைக்" என்றால் நம்மில் பலருக்குப் புதுமையாகத் தெரிகிறது.

உண்மை தலைகீழானது. தொழிற்சாலையில் வரிசையாகத் தயாரித்து விற்கப்பட்ட முதல் மோட்டார் சைக்கிளே தண்ணீரால் குளிர்ந்ததுதான். 1894-இல் ஜெர்மனியின் மூனிக் நகரில் வந்த ஹில்டெபிராண்ட் - வோல்ஃப்முல்லர் வண்டி அது. அதன் பின்பக்க மட்கார்டுதான் தண்ணீர்த் தொட்டி! பெட்ரோல் எரிந்து வரும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாகிறது. அந்த வெப்பத்தை வெளியே கொண்டுபோக ஒரு வழி வேண்டும். காற்றைவிடத் தண்ணீர் அதிக வெப்பத்தைச் சுமக்கும் என்பது அன்றே தெரிந்திருந்தது.

அடுத்து இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் ஆங்கஸ் ஸ்காட். இவருடைய தண்ணீர்க் குளிர்ச்சி வண்டிகள் 'ஐல் ஆஃப் மேன்' தீவின் புகழ்பெற்ற சீனியர் டிடி பந்தயத்தில் 1912, 1913 என அடுத்தடுத்து இரண்டு வருடம் வென்றன. அவற்றில் பம்ப் கிடையாது. உலையில் வைத்த தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள்: சூடானது மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். அந்தச் சுழற்சியை வைத்தே வண்டி ஓடியது.

வென்ற பிறகும் உலகம் ஏன் காற்றுக் குளிர்ச்சிக்கே போனது? எடை குறைவு, விலை குறைவு, எல்லாவற்றுக்கும் மேலாக ஒழுகல் இல்லை. குழாய், மூடி, வாஷர் என்று சேரச் சேர, கசியும் இடங்களும் கூடும். அந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொள்ள ஒரு காரணம் வேண்டியிருந்தது. வேகமும் சக்தியும் கூடியபோது அந்தக் காரணம் வந்தது. 1971-இல் சுசுகி ஜிடி 750 வெளிவந்தது. அமெரிக்கர்கள் அதற்கு 'நீர் எருமை' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ஆங்கிலேயர்கள் 'கெட்டில்' என்றார்கள். 1974-இல் ஹோண்டா கோல்ட் விங் அறிமுகமானது. நம் ஊர்ச் சாலைகளில் இதைப் பரவலாக்கியது 2008-இல் வந்த யமஹா ஆர்15. 150 சிசி வண்டிக்கு ரேடியேட்டரா என்று அன்று வியந்தார்கள். 2023-இல் ராயல் என்ஃபீல்டே தன் முதல் திரவக் குளிர்ச்சி வண்டியாக ஹிமாலயன் 450-ஐ வெளியிட்டது.

இனி உங்கள் வண்டிக்கு வருவோம். கசியக்கூடிய ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கதை உண்டு. கதை தெரிந்தால் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது தானாகவே விளங்கும்.

முதலில் மூடி. 1679-இல் டெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர் எலும்பையும் மென்மையாக்கும் மூடிய பாத்திரம் ஒன்றைச் செய்தார். நம் குக்கரின் கொள்ளுத்தாத்தா அது. அழுத்தம் கூடினால் கொதிநிலை உயரும் என்பதே அதன் தத்துவம். ரேடியேட்டர் மூடியும் அதே வேலையைத்தான் செய்கிறது. பல பைக்குகளின் மூடியில் 1.1 என்று பொறித்திருக்கும். கிட்டத்தட்ட நம் வீட்டுக் குக்கரின் அழுத்தம்தான் அது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் போன அந்த நொடியே கொதித்து முகத்தில் அடிக்கும். விசில் அடங்காத குக்கரை யாராவது திறப்பீர்களா? இதையும் திறக்காதீர்கள். இன்ஜின் முழுவதும் ஆறி, தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். ஆறியபின் மூடியின் ரப்பரைப் பாருங்கள். வெடித்தோ விறைத்தோ இருந்தால், அதே எண் பொறித்த புது மூடி போதும். குக்கருக்கு கேஸ்கட் மாற்றுவது போலத்தான்.

இரண்டாவது, குழாயை இறுக்கும் கிளிப். ஸ்க்ரூ திருகினால் இறுகும் வளையத்துக்கு 1921-இல் காப்புரிமை பெற்றவர், பிரிட்டிஷ் கடற்படையில் கமாண்டராக இருந்த லம்லி ராபின்சன். உலகின் பெரும்பாலான சின்னக் கசிவுகள் இந்த வளையத்திலேயே தீர்ந்துவிடும். எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க ஆசிரியர் வழி ஒன்று சொல்கிறேன். ஆறிய வண்டியில் எல்லா இணைப்புகளையும் துணியால் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைத் தூவுங்கள். கீழே பழைய நாளிதழை விரியுங்கள். வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்துப் பாருங்கள். ஓடும்போது விரலை உள்ளே விடவேண்டாம், ஃபேன் திடீரென்று சுற்றும். எந்த இடத்தில் தூள் ஈரமாகிறதோ அதுதான் கசிவு. மறுபடி ஆறியதும் கிளிப்பை அளவாக இறுக்குங்கள். பலம் இருக்கிறதே என்று திருகினால் ரப்பர் வெட்டுப்பட்டுவிடும். குழாயே விறைத்து வெடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். கூலன்டை வடிக்கும் போல்ட்டில் கசிந்தால் அதன் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். இவை மூன்றும் வீட்டில் செய்யக்கூடிய வேலைகள். ரேடியேட்டரை மாற்றச் சொன்னால், முதலில் இந்த மூன்றையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மூன்றாவது, அடைக்கக்கூடாத ஓட்டை. வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அங்கே சொட்டினால் பலர் எம்-சீல் வைத்து அடைத்துவிடுகிறார்கள். அதை வடிவமைத்தவர்கள் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார்கள். உள்ளே சீல் தேய்ந்தால் கூலன்ட் இன்ஜின் ஆயிலில் கலக்காமல் வெளியே வந்து உங்களிடம் சொல்லட்டும் என்பதற்காக. அந்த வாயை மூடினால் ஆயில் பால் காபி நிறத்துக்கு மாறும், இன்ஜின் போய்விடும். சில நூறு ரூபாயோ சில ஆயிரமோ, சீல் மாற்றுவதே மலிவு. ஆயில் ஏற்கெனவே அந்த நிறத்தில் இருந்தாலோ, சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப்புகை விடாமல் வந்தாலோ, வண்டியை ஓட்டாமல் ஏற்றிக்கொண்டு போங்கள்.

மஞ்சள் தூள் கேட்ட தம்பிக்கு ஒரு கதை. 1958-இல் உலகின் முதல் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலான நாட்டிலஸ், வட துருவத்துப் பனிக்கு அடியில் போகத் தயாரானது. நீராவியைக் குளிர்விக்கும் பகுதியில் மிகச்சிறிய கசிவு. தேடித் தேடியும் இடம் அகப்படவில்லை. கடைசியில் மாலுமிகள் சாதாரண உடையில் சியாட்டில் நகரத்துக் கடைகளுக்குப் போய், கார் ரேடியேட்டர் கசிவை அடைக்கும் மருந்தை நூற்றுக்கும் மேற்பட்ட டப்பாக்கள் வாங்கி வந்தார்கள். அதை ஊற்றியதும் கசிவு நின்றது. ஆகஸ்ட் 3 அன்று கப்பல் துருவத்தைக் கடந்தது. நம் லாரி டிரைவர்களின் மஞ்சள் தூளும் மேல்நாட்டாரின் முட்டை வெள்ளைக்கருவும் இதே குடும்பம்தான்.

கப்பலில் நடந்தது பைக்கில் நடக்குமா? அணுசக்திக் கப்பலின் குழாய்கள் எங்கே, பைக் ரேடியேட்டரின் நூல் போன்ற வழிகள் எங்கே! ஓட்டையை அடைக்கும் தூள் அந்த வழிகளையும் அடைக்கும். கசிவு நின்றதாகத் தெரியும், வண்டி கொதிக்கத் தொடங்கும். நடுக்காட்டில் நின்றுவிட்ட லாரிக்கு அது ஊர் வந்து சேரும் உபாயம். வீட்டு வாசலில் நிற்கும் பைக்குக்கு அந்த நெருக்கடி இல்லை.

கடைசியாக அந்தப் பச்சைத் திரவம். அதிலுள்ள எத்திலீன் கிளைக்காலை 1850-களில் முதலில் உருவாக்கியவர் பிரெஞ்சு வேதியியலாளர் வூர்ட்ஸ். அமெரிக்காவில் 1927 முதல் குளிர்காலத்தில் காரின் தண்ணீர் உறையாமலிருக்க அதை விற்றார்கள். உறைபனி இல்லாத நமக்கு எதற்கு என்று போர் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் உண்டு. கூலன்ட் கொதிநிலையை உயர்த்துகிறது, அதில் சேர்த்த மருந்துகள் துருவைத் தடுக்கின்றன. போர் தண்ணீர் குக்கருக்குள் படியும் வெள்ளைப் படிவத்தை ரேடியேட்டரிலும் படிய வைக்கும். கையேட்டில் சொன்ன கூலன்டையே ஊற்றுங்கள். கலக்க வேண்டியிருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்.

நான் இவ்வளவு எழுதியது இந்த ஒரு பத்திக்காகத்தான். அந்தத் திரவம் இனிக்கும், ஆனால் விஷம். உடலுக்குள் போனால் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே பறிக்கும். சர்பத் நிறத்தில் தரையில் தேங்கி நின்றால் தவழும் குழந்தைக்கும் தெருநாய்க்கும் கன்றுக்குட்டிக்கும் என்ன தெரியும்? சொட்டியதை உடனே துணியால் ஒற்றி எடுத்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வடித்ததைச் சாக்கடையிலோ தென்னை மரத்தடியிலோ ஊற்றாமல், மூடிய கேனில் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். மீந்ததைத் தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ ஒருநாளும் வைக்காதீர்கள். யாராவது குடித்துவிட்டால், நன்றாகத்தானே இருக்கிறார் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். டப்பாவையும் கையோடு எடுத்துப்போங்கள்.

நாளைக் காலை வண்டியை எடுக்குமுன், ஆறிய நிலையில், ரிசர்வ் டப்பாவில் கூலன்ட் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். அரை நிமிட வேலை. பார்த்தவர்கள் கீழே 'உள்ளேன் டீச்சர்' என்று எழுதுங்கள். வருகைப்பதிவு எடுத்து ரொம்ப நாளாயிற்று.

அன்புடன்,
உங்கள் டீச்சர்