4294967297: அஞ்சு பாஸ், ஆறாவது அவுட்!

போன வாரம் நான் எழுதின நிரல் ஒண்ணை அஞ்சு விதமா சோதிச்சேன். அஞ்சும் பாஸ். "இனிமே தப்பே வராது"ன்னு டீம் லீடர்கிட்ட தெனாவட்டா சொல்லிட்டேன். ஆறாவதா வாடிக்கையாளர் ஒரு டேட்டா கொடுத்தார். புட்டுக்கிச்சு! ராத்திரி பதினொரு மணி வரைக்கும் அதோட மல்லுக்கட்டிட்டு வீட்டுக்கு வரும்போது ஞாபகம் வந்தவர் பியர் டி ஃபெர்மா. அவருக்கும் இதே கதைதான். ஆனா மனுஷன் செத்து 67 வருஷம் கழிச்சு.

ஃபெர்மா பிரான்சில் துலூஸ் நகரத்தில் சட்டத்துறையில் வேலை பார்த்தவர். கணக்கு அவருக்குப் பொழுதுபோக்கு (நமக்கு வலைப்பதிவு மாதிரி). 1640-ல் நண்பர் ஃபிரெனிக்கிளுக்கு எழுதின கடிதத்தில் ஒரு விஷயம் சொன்னார். 2-ல் ஆரம்பிச்சு வர்க்கம் எடுத்துக்கிட்டே போங்க: 2, 4, 16, 256, 65536. ஒவ்வொண்ணோடும் 1 கூட்டினா 3, 5, 17, 257, 65537. அஞ்சுமே பகா எண்கள். இப்படி வர்ற எல்லாமே பகா எண்தான்னு அவர் நம்பினார்.

ஆறாவது எண் 4294967297. 32 பிட்டுக்குள்ள அடங்குற மிகப் பெரிய எண்ணைவிட ரெண்டே ரெண்டு அதிகம். பொட்டி தட்டுற நமக்கு ஒரு நொடி வேலை. ஆனா கையால வகுத்துப் பார்க்கணும்னா 65536 வரைக்கும் இருக்கிற 6542 பகா எண்களையும் முயற்சி பண்ணணும். யாருக்குப் பொறுமை இருக்கு?

1729-ல் கோல்ட்பாக் இதைப் பத்தி ஆய்லருக்கு எழுதிக் கேட்டார். 1732-ல் ஆய்லர் போட்டு உடைச்சார்: 641 × 6700417. அதற்கான வழியையும் பிற்பாடு விளக்கினார். இந்த எண்ணை ஒரு பகா எண் வகுக்கணும்னா, அந்தப் பகா எண்ணை 64-ஆல் வகுத்தா மீதி 1 வரணும். அப்படிப்பட்டவை 193, 257, 449, 577, 641... அஞ்சாவதுலயே மாட்டிக்கிச்சு!

இதுல கொடுமை என்னன்னா, இந்தக் குறுக்கு வழிக்கு அடிப்படையே ஃபெர்மாவோட சிறிய தேற்றம். அதையும் அவர் அதே 1640-லதான் கடிதத்தில் எழுதியிருந்தார். கருவி கையிலயே இருந்திருக்கு.

ஆறாவதுலேர்ந்து முப்பத்து மூணாவது வரைக்கும் ஒண்ணுகூட பகா எண் இல்லைன்னு இப்போ தெரியும். ஆனா அந்த முதல் அஞ்சும் வீண் போகலை. 1796-ல் 18 வயசு காஸ், அளவுகோலும் காம்பஸும் மட்டும் வெச்சு 17 பக்க ஒழுங்கு பலகோணம் வரைய முடியும்னு காட்டினது இந்த 17-ஆலதான். ஆர்.எஸ்.ஏ. மறையாக்கத்தோட பொதுத் திறவுகோல்ல பெரும்பாலும் உக்காந்திருக்கிறது 65537.

ஒரு விஷயத்துல ஃபெர்மா என்னைவிட ஒசத்தி. அந்தக் கடிதத்துல, நிரூபணம் தன்கிட்ட இல்லைன்னு அவரே ஒத்துக்கிட்டார். நான் அதைச் சொல்லலையே!

வீட்டுப்பாடம்: 641 = 5 × 128 + 1. அதே 641 = 625 + 16. இது ரெண்டை மட்டும் வெச்சு, வகுக்காமலே, 4294967297-ஐ 641 வகுக்கும்னு காட்டுங்க பார்ப்போம்.