எப்பாவலப் பாறையிலிருந்து பிளேன்டீ வரை

புளோரினைத் தனி வாயுவாக வைத்திருப்பது லேசான வேலையில்லை. கிடைத்ததையெல்லாம் பற்றிக்கொள்ளும் வாயு அது. 1886-இல் ஆன்றி முவாசான் அதைப் பிரித்தெடுப்பதற்குள் அந்த முயற்சியில் நஞ்சேறி மாண்டவர்களும் உண்டு. ஆனால் ஒரு உலோகத்தின் கையைப் பிடித்துவிட்டால் புளோரைட்டாகிச் சாதுவாகிவிடுகிறது. பிறகு அது எங்கே போகும் என்பதைத் தீர்மானிப்பது, கூட வருகிற உலோகம் எது என்பதுதான்.

அனுராதபுர மாவட்டத்து எப்பாவலவில் அதன் துணை கல்சியம். 1971-இல் அங்கே கண்டுபிடிக்கப்பட்ட அப்பட்டைட் படிவு, கல்சியமும் பொஸ்பேட்டும் புளோரைட்டும் பின்னிக் கிடக்கும் பாறை. அமெரிக்கக் கம்பனியொன்றோடு சேர்ந்து அதைப் பெருமளவில் தோண்டும் திட்டத்தை, ஊர் விவசாயிகள் தொடுத்த வழக்கில் 2000-இல் உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. சிறு அளவில் அரைத்த தூள் மட்டும் உரமாகப் போகிறது. நெல்லுக்கு அது உதவாது. அவ்வளவு மெதுவாகக் கரையும். ஆண்டுக்கணக்கில் நிற்கிற தேயிலைக்கோ அந்த மந்தமே வசதி. மூட்டைகள் மலையேறுகின்றன.

ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து மண் புளிப்பு மண். தேயிலைக்குப் பிடித்த அமிலநிலை 4.5 முதல் 5.5 வரை. அந்தப் புளிப்பில் அப்பட்டைட் மெல்ல மெல்லக் கரைந்து, புளோரைட் கல்சியத்தை விட்டு விலகுகிறது. அதே புளிப்பு மண்ணிலிருந்து அலுமினியத்தையும் கரைத்து வைத்திருக்கிறது. இரண்டும் ஒட்டிக்கொண்டு அலுமினியப் புளோரைட்டு அயனிகளாகின்றன. மண்ணும் பாறையும் ஏற்கெனவே வைத்திருந்த புளோரைட்டும் இந்தக் கூட்டத்தில் உண்டு. எல்லாவற்றையும் எப்பாவலவின் தலையில் கட்டக்கூடாது.

கரைந்த அலுமினியம் பெரும்பாலான பயிர்களின் வேரைக் கருக்கிவிடும். தேயிலைச் செடிக்கோ அதனால் வேர் இன்னும் நன்றாக ஓடுகிறது. செடிக்குள் நுழைந்ததும் ஜோடி பெரும்பாலும் பிரிகிறது: அலுமினியம் சிட்ரிக் அமிலத்தோடு சேர்ந்து மேலே ஏற, புளோரைட் தன் பாட்டில் ஏறுகிறது. இரண்டும் சேருமிடம் இலை. அங்கிருந்து திரும்பி இறங்குவது அரிது. அதனால் இலைக்கு வயதாக ஆகச் சரக்கு கூடுகிறது. காய்ந்த முத்தல் இலை 1 கிலோவில் 30 கிராம் வரை அலுமினியம் கண்டிருக்கிறார்கள். கொழுந்தில் 1 கிராம்கூட இராது. புளோரைட்டும் முத்தலில்தான் பல மடங்கு.

ஆகவே இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று பறிப்பது ருசிக்கு மட்டுமல்ல, புளோரைட்டுக்கும் கடிவாளம். முத்தல் இலையும் காம்பும் சேர்த்து அழுத்திய செங்கல் தேயிலையைக் காய்ச்சிக் குடிக்கும் திபெத்தில் எலும்பையும் பல்லையும் கெடுக்கும் புளோரைட் நோய் பரவியிருப்பதைப் பார்த்தால், கங்காணி முத்தலைக் கண்டு சத்தம் போட்டதில் அவரே அறியாத நியாயம் இருந்திருக்கிறது. பறிக்காமல் விட்ட இலைகளின் சரக்கோ கவ்வாத்து வெட்டும்போது மண்ணில் விழுந்து, அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கிறது.

கொதிநீர் பட்டதும் அலுமினியத்தின் பெரும்பகுதி சக்கையிலேயே தங்கிவிடுகிறது. புளோரைட் அப்படியில்லை, தாராளமாக இறங்கிவிடும். தூள் சன்னமாக இருந்தால் இன்னும் வேகமாக. கறுப்புத் தேநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டுவது சாதாரணம். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 1.5. மலையகத்து ஊற்றுநீரில் புளோரைட் குறைவு என்பதால் லயத்துப் பிளேன்டீயில் பயப்பட ஒன்றுமில்லை. உலர்வலயத்தில் பல கிணறுகளில் அது ஏற்கெனவே மிகுதி. அந்தத் தண்ணீரில் தேயிலையும் போட்டால் கணக்கு வேறு.

வாயில் மறுபடியும் கல்சியம் கிடைக்கிறது. பல்லின் மேற்பூச்சும் ஓர் அப்பட்டைட்தான். சாதாரணமாக அது அமிலநிலை 5.5-இலேயே கரையத் தொடங்கும். புளோரைட் ஏறிய இடம் 4.5 வரை தாங்கும். அதாவது தேயிலை மண்ணின் அதே இரண்டு எண்கள். தற்செயல்தான் என்றாலும் எனக்குப் பிடித்த தற்செயல். ஆனால் உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே தேத்தண்ணி குடிக்கிற வழக்கம் நம்முடையது. அந்தச் சீனியைத் தின்று வாய்க்கிருமிகள் சுரக்கும் அமிலத்தின்முன் புளோரைட்டின் காவல் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை, நாளைக்கு எத்தனை கோப்பை, எவ்வளவு சீனி என்பதைக் கேட்டுத்தான் சொல்ல முடியும்.