பொதுச் சுகாதாரக் களப்பணியாளர்களின் பணிச்சோர்வு

வேலையிடத்து அழுத்தம் தீராமல் நீண்டுகொண்டே போவதால் வரும் உடல், மனத் தளர்ச்சி பணிச்சோர்வு எனப்படும். நியூயார்க்கின் இலவச மருத்துவமனையொன்றில் தொண்டு செய்தவர்களைக் கவனித்து உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் 1974இல் எழுதிய கட்டுரை பின்வந்த ஆய்வுகளுக்கு வழிவிட்டது. 1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் இதை அளக்க ஒரு வினாப்பட்டியல் வெளியிட்டனர். மனம் வறண்டுபோதல், நோயாளிமேல் ஒட்டுதல் அற்றுப்போதல், செய்த வேலைக்குப் பயனில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றையும் அது அளக்கிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு இதை நோயாகக் கொள்ளவில்லை. வேலை சார்ந்த நிலையாகவே கொள்கிறது.

களத்தின் நெருக்கடி

மருத்துவமனையில் நோயாளி தேடி வருகிறார். களப்பணியாளரோ கதவைத் தட்ட வேண்டியவர். தமிழ்நாட்டுச் சமவெளியில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம். அதன் பொறுப்பு கிராமச் சுகாதாரச் செவிலியருக்கு. கர்ப்பிணிப் பதிவு, புதன்கிழமைத் தடுப்பூசி, குடும்பநலம் எல்லாம் அவர் தலையில். இரும்புச்சத்து மாத்திரையைக் கொடுத்தால் மட்டும் போதாது, விழுங்கினாரா என்றும் கேட்க வேண்டும். பதிவேட்டில் எழுதியதையே மறுபடி இணையத்திலும் ஏற்ற வேண்டும். கர்ப்பிணி பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விட்டாலும், மாமியார் ஊசி வேண்டாம் என்று தடுத்தாலும் மேலிடத்துக்குப் பதில் சொல்வது இவரே. பொறுப்பு முழுவதும் இவருக்கு, முடிவெடுக்கும் உரிமை வேறெவருக்கோ. வேலைப்பளுவோடு இதுவும் ஆளை அரிக்கிறது.

ஊராரின் பயமும் கோபமும் முதலில் இறங்குவது சுகாதாரப் பணியாளர்கள்மேல்தான். கொரோனாக் காலத்தில் இது வெளிப்படையாகவே தெரிந்தது. 2020 ஏப்ரலில், தொற்றால் இறந்த மருத்துவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் தாக்கியது. சில நாட்களில், சுகாதாரப் பணியாளர்மீதான வன்முறையைப் பிணையில் வரமுடியாத குற்றமாக்கி மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் வசைக்கும் ஒதுக்கலுக்கும் பெரும்பாலும் சாட்சியே இருப்பதில்லை. களப்பணியாளர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். வீட்டு வேலையும் அவர்களுக்காகக் காத்திருக்கிறது.

ஆஷா பணியாளர்கள்

2005இல் தொடங்கிய தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தின் கிராமக் களப்பணியாளர்களான ஆஷா பணியாளர்கள் இன்று ஏறத்தாழ 10 லட்சம் பேர். அரசுக் கணக்கில் இவர்கள் ஊழியர்கள் அல்லர், தொண்டர்கள். பெறுவது சம்பளமன்று, மதிப்பூதியமும் பணிக்கேற்ற ஊக்கத்தொகையும். 2022 மே மாதம் உலகச் சுகாதார நிறுவனம் இவர்களுக்கு விருது அளித்தது. விருதால் தொண்டர் என்ற நிலை மாறவில்லை.

பணிச்சோர்வுக்குத் தியானம், யோகா, மனநல ஆலோசனை ஆகியவை ஓரளவு உதவலாம். ஆனால் காரணம் வேலை அமைப்பில் இருக்கும்போது மருந்தை ஆளுக்கு மட்டும் தருவது அரைகுறை வைத்தியம். பணியாளர்கள் கேட்பதும் அமைப்பில் மாற்றத்தையே. 2025 பிப்ரவரி 10 அன்று திருவனந்தபுரத்தில் கேரளத் தலைமைச் செயலகத்தின் முன் ஆஷா பணியாளர்கள் தொடங்கிய போராட்டத்தின் முதன்மைக் கோரிக்கைகள் மாதம் 21,000 ரூபாய் மதிப்பூதியமும் 5 லட்சம் ரூபாய் ஓய்வுக்காலப் பலனுமே.