தொட்டுப் பார்க்காத மருத்துவம்: இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் உழைக்கும் மக்களின் காயம், காய்ச்சல், சோகை

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் நெய்யும் கட்டுத்துணி நாட்டின் பல பகுதி மருத்துவமனைகளுக்குச் செல்கிறது. காயத்திற்கான துணி பிறக்கும் வட்டாரம் இது. காயப்படுவோரும் இங்கே மிகுதி. நூற்பாலையிலும் தறிக்கூடத்திலும் கரும்புக் கொல்லையிலும் பட்டாசுப் பட்டறையிலும் துப்புரவுப் பணியிலும் உடல் தேயும் தலித் மக்கள், எந்தக் காயத்தை எப்படி அடையாளம் காண்பது, முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது, மருத்துவமனையில் எதைக் கேட்டுப் பெறுவது என்பதை அறிந்திருப்பது தற்காப்பின் ஒரு பகுதியாகும். மருத்துவத்தையும் சட்டத்தையும் இங்குத் தனித்தனியே பிரிக்க இயலாது. விருதுநகர் மாவட்ட முதன்மை நீதிமன்றம் இயங்குவது திருவில்லிபுத்தூரில்தான். அங்கு விசாரணைக்கு வரும் வன்கொடுமை வழக்குகளின் வலிமையைப் பெரிதும் தீர்மானிப்பது அரசு மருத்துவமனையில் முதல் நாள் எழுதப்பட்ட ஒரு பக்கக் காயச் சான்றிதழ்தான்.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலிருந்து தொடங்குவோம். 2021இல் திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட மலைத்தொடரின் கீழேதான் தோப்புகளும் வயல்களும் உள்ளன. இங்கு வெறுங்காலுடன் வேலை செய்வோருக்குப் பாம்புக்கடி அன்றாட அபாயம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கே பெரும்பாலான மரணங்களுக்குக் காரணமானவை. இந்த நான்கின் நஞ்சுக்கும் ஒரே முறிவு மருந்து உண்டு. ஆகவே பாம்பை அடித்து மருத்துவமனைக்குக் கொண்டுவரத் தேவையில்லை. விரியன் கடித்த இடம் வீங்கும். ஈறில் இரத்தம் கசியலாம், சிறுநீர் சிவக்கலாம். கட்டுவிரியன் கடி வேறு வகை. அது இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. விடியற்காலையில் வயிற்றுவலி என்பார். பிறகு இமை தொங்கும், பேச்சுக் குழறும், மூச்சுத் திணறும். கட்டில் இல்லாத வீடுகளில் காரணம் தெரியாத அதிகாலை வயிற்றுவலியோடு இமையும் தொங்கினால், கடிவாய் தென்படாவிட்டாலும் பாம்புக்கடி என்றே கருத வேண்டும்.

கயிற்றால் இறுக்கிக் கட்டுதல், கீறுதல், வாயால் உறிஞ்சுதல் மூன்றும் கூடாது. மோதிரம், கொலுசு, வளையல் கழற்றி, கடிபட்ட உறுப்பை எலும்பு முறிவுக்குக் கட்டுவது போல அசையாமல் வைத்து, நடக்கவிடாமல் 108 ஊர்தியில் கொண்டு செல்ல வேண்டும். இரத்தம் உறைகிறதா என்பதைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்துப் பார்க்கும் எளிய சோதனை உண்டு. அது செய்யப்பட்டதா என்று உடன் செல்பவர் கேட்கலாம். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. இறப்பு நேர்ந்தால் பிரேதப் பரிசோதனை இன்றிப் புதைத்துவிடும் வழக்கம் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறது. அந்த அறிக்கை இல்லாத குடும்பம் பின்னர் நிவாரணம் கோரும்போது, இறந்தது பாம்புக்கடியால்தான் என்று மெய்ப்பிக்க வழியில்லாமல் நிற்கும்.

மலையடிவாரத்தின் மற்றொரு நோய் உண்ணிக் காய்ச்சல். புதர்களில் வாழும் மிகச் சிறிய பூச்சியின் இளம்புழு கடிப்பதால் வருவது. காய்ச்சல் ஐந்து நாள் தாண்டியும் இறங்காமல், தலைவலியும் உடல்வலியும் சேர்ந்திருந்தால் உடலில் ஒரு கறுத்த பொருக்கைத் தேட வேண்டும். சிகரெட்டால் சுட்ட தழும்பு போல, வலியில்லாமல், அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் அடி, இடுப்புக் கயிறு அழுத்தும் இடம் ஆகியவற்றில் அது மறைந்திருக்கும். டாக்ஸிசைக்ளின் என்ற மலிவான மாத்திரையைக் காலத்தில் கொடுத்தால் இரண்டொரு நாளில் காய்ச்சல் தணியும். தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டு உயிரிழப்பு நேரும்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழுகிறது. சட்டையைக் கழற்றச் சொல்லி, அக்குளைத் தூக்கிப் பார்க்காத மருத்துவர் அந்தப் பொருக்கை எப்படிக் காண்பார்? மேசைக்கு அப்பால் நிற்கவைத்து மாத்திரை எழுதி அனுப்புவது கூட்ட நெரிசலாலும் நடக்கலாம், சாதியாலும் நடக்கலாம். எதனால் நடந்தாலும் நோய் தவறவிடப்படுகிறது. தீண்டாமையின் பெயரால் மருத்துவமனையில் சேர்க்க மறுப்பதையும், சேர்த்தபின் பாகுபாடு காட்டுவதையும் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு குற்றமாக்கியுள்ளது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தமும், பட்டியலினத்தவர் மருத்துவமனைக்குள்ளும் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குள்ளும் நுழைவதைத் தடுப்பதை வன்கொடுமையாகச் சேர்த்தது. நுழையவிட்டுத் தொடாமல் அனுப்புவதை மெய்ப்பிப்பது கடினம். எனவே புறநோயாளிச் சீட்டில் நாடி, இரத்த அழுத்தம், உடல் பரிசோதனை குறித்து ஏதேனும் எழுதப்பட்டுள்ளதா என்று பார்க்கும் பழக்கம் வேண்டும். வெறும் மாத்திரைப் பெயர் மட்டும் உள்ள சீட்டும் ஓர் ஆவணமே.

தொட்டுப் பார்த்தால் வெளிப்படும் இன்னொரு நோய் இரத்தசோகை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பு மங்கியிருக்கும், நகமும் நாக்கும் வெளுத்திருக்கும், படியேறினால் இளைக்கும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கும் சோகை உள்ளது. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழும், கர்ப்பிணிகளுக்கு 11க்குக் கீழும் இருந்தால் சோகை எனப்படும். கர்ப்பிணிக்கு 7க்குக் கீழ் இறங்கினால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. அரசு இலவசமாகத் தரும் இரும்புச்சத்து மாத்திரையைக் கர்ப்பகாலத்தில் குறைந்தது 180 நாள் உண்ண வேண்டும். தேநீருடன் உண்டால் சத்து உடலில் சேராது; எலுமிச்சை, நெல்லிக்காயுடன் சேரும். மலம் கறுப்பாவது இயல்பு, அஞ்ச வேண்டியதில்லை. குடற்புழு மருந்தும் உடன் தேவை.

உணவைப் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் பேரீச்சையோடும் முருங்கைக் கீரையோடும் நின்றுவிடுகின்றன. முருங்கைக்கீரை நல்லதே. ஆயினும் உடல் எளிதில் ஏற்கும் இரும்புச்சத்தும், தாவர உணவில் இல்லாத பி12 உயிர்ச்சத்தும் நம் அடுக்களையில் காலங்காலமாக இருந்த மாட்டுக்கறியிலும் ஈரலிலும் இரத்தப் பொரியலிலும் கருவாட்டிலும் உண்டு. இழிவென்று சொல்லி விலக்கப்பட்ட அந்த உணவை மருத்துவர்கள் வாய்திறந்து பரிந்துரைக்கத் தயங்குவது அறிவியல் அன்று. குழந்தைகளின் ஊட்டக்குறைவை அறிய அங்கன்வாடியில் உள்ள அளவுநாடா போதும்: ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, மேற்கையின் நடுச்சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் குறைந்தால் கடும் ஊட்டக்குறைவு. இரு பாதங்களிலும் விரல் அழுத்திய குழி மறையாதிருந்தாலும் அவ்வாறே.

ஆலை, பட்டறைக் காயங்களுக்கு வருவோம். தீக்காயத்தின்மீது ஓடும் குளிர்ந்த நீரை 20 நிமிடம் விட வேண்டும். பனிக்கட்டி, மை, பற்பசை, மஞ்சள் எதுவும் கூடாது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 உயிர்களைப் பறித்த வெடிவிபத்துக்குப் பிறகும் இந்த எளிய செய்தி எல்லாப் பட்டறைகளையும் எட்டிவிட்டதாகச் சொல்ல முடியாது. இயந்திரத்தில் விரல் துண்டானால் ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டியில் வைக்க வேண்டும். விரல் நேரடியாகப் பனிக்கட்டியில் படக் கூடாது. நாய் கடித்தால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுதல், அன்றே முதல் ஊசி. 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி என்பது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்த குறைந்த அளவு. பெட்டி பூட்டியிருந்தால் அது இல்லாததற்குச் சமம்.

தாக்குதலில் ஏற்படும் காயங்களுக்குச் சிகிச்சையோடு பதிவும் வேண்டும். காவல்துறையின் கடிதம் கொண்டுவரச் சொல்லி மருத்துவமனை காக்கவைக்க முடியாது. 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்சநீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். நகலில், தாக்கியவர் எத்தனை பேர், தெரிந்தவரா, என்ன ஆயுதம் என்று காயம்பட்டவர் சொன்னபடியே எழுதப்பட வேண்டும். ‘கீழே விழுந்தார்’ என்று ஒரு சொல் ஏறிவிட்டால் பின்னர் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். எலும்பு முறிவு, பல் இழப்பு, 15 நாள் அன்றாடப் பணி செய்ய இயலாமை ஆகியவை பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவில் கொடுங்காயம். எனவே எக்ஸ்ரே எடுக்காமல் ‘சாதாரணக் காயம்’ என்று சான்றளிப்பதை ஏற்கக் கூடாது. மருந்து, சிறப்பு மருத்துவர் ஆலோசனை, இரத்தம் ஏற்றுதல் ஆகியவற்றின் செலவை மாவட்ட நிர்வாகம் ஈடுசெய்ய வேண்டும் என்று 1995ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 11ஆம் விதி கூறுகிறது. இதைக் கேட்பவர் மிகச் சிலரே.

கண்ணுக்குத் தெரியாத காயம் ஒன்றும் உண்டு. பஞ்சுத் தூசியில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவருக்கு வார விடுப்பு முடிந்து திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும், மூச்சுத் திணறும். வாரக் கடைசியில் சற்றுத் தணியும். பிசினோசிஸ் எனப்படும் இந்நோயைக் காசநோய் என்றோ ஆஸ்துமா என்றோ கொண்டு ஆண்டுகள் கடந்துவிடக்கூடும். சளிப் பரிசோதனை கட்டாயம் வேண்டும்; அதில் காசநோய் இல்லையென்றால் மருத்துவரிடம் தொழிலைச் சொல்லி, ஊதுதிறன் சோதனை கேட்க வேண்டும். 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இது தொழில்சார் நோயாக இடம்பெற்றது. உரிமை கோர இரண்டு ஆண்டுக் கெடுவையும் அச்சட்டமே வகுத்தது. இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவருக்கு வழி வேறு. அட்டையும் இல்லாமல், வருகைப் பதிவேட்டில் பெயரும் இல்லாமல் உழைத்தவர், எந்த ஆலையில் எந்த ஆண்டுகள் எந்தப் பிரிவில் நின்றார் என்பதை மருத்துவச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.