கண்டி றக்பியும் பத்தாம் இலக்க வீரரும்

கண்டிப் போகம்பறை மைதானத்தில் 1906ஆம் ஆண்டு திரித்துவக் கல்லூரியும் கிங்ஸ்வூட் கல்லூரியும் ஆடியதே இலங்கைப் பாடசாலைகளுக்கிடையே நிகழ்ந்த முதல் றக்பிப் போட்டியாகும். இவ்வாட்டத்தில் தாக்குதலை வகுப்பவர் பத்தாம் இலக்க வீரர். அந்நாள் விதி அவர் கையினும் காலையே பெரிதாக மதித்தது. எதிரணியின் எல்லைக்கோட்டுக்கப்பால் பந்தை நிலத்தில் ஊன்றினால் 3 புள்ளி. கைப்பந்தை விழவிட்டு, அது நிலத்திற்பட்டு எழுகையில் உதைத்துக் கம்பங்களிடையே செலுத்தினாலோ 4 புள்ளி! 1945இல் திரித்துவமும் கொழும்பு றோயலும் பிராட்பிக் கேடயத்துக்குப் பொருதத் தொடங்கியபோதும் இக்கணக்கே. இரு போட்டிகளின் கூட்டுப் புள்ளியே வெற்றியைத் தீர்ப்பதால், ஓர் உதையே கேடயத்தை இடமாற்ற வல்லது. 1948இல் அவ்வுதை 3 ஆகக் குறைந்தது. ஊன்றலோ 1971இல் 4 ஆகவும் 1992இல் 5 ஆகவும் உயர்ந்தது. உதைத்து இடம்பெற்றவர், பந்தைக் கைமாற்றிப் பிறரை ஓடவைப்பவரானார். இம்மாற்றத்தை விளைத்தது வீரரின் விருப்பன்று, விதியே. ஆயினும் கண்டி மழையிற் புற்றரை வழுக்கும் நாளில் பழைய காலுக்கே வேலை வருகிறது.