ரோமின் ஜன்னல் தோட்டங்கள்

தொட்டியில் மூலிகை வளர்ப்பதை அடுக்குமாடிக் காலத்துப் புதுமையாகக் கருதுவது தவறு. மாசிப்பத்திரி இனத்து மூலிகையொன்றைச் சட்டியில் வளர்ப்பது பற்றி அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃப்ராஸ்டஸ் சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருக்கிறார். ரோம் நகரத்து எளிய மக்கள் ஜன்னலில் தோட்டம் வைத்திருந்ததையும், கொள்ளைக்கு அஞ்சி அந்த ஜன்னல்களையே அடைக்க நேர்ந்ததையும் பதிவுசெய்தவர், கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த பிளினி. பிளினி சொல்வது கண்ணுக்கு இதமான காட்சியைத்தானே, கறிக்கான கீரையை அல்லவே என்று மறுக்கலாம். நியாயமான கேள்வி. அதே வெடிப்பில் புதைந்த பொம்பே நகரில் கிடைத்த துளையிட்ட சட்டிகளும் பெரும்பாலும் கன்று நடுவதற்கானவை. அவற்றைச் சான்றாக்க முடியாது. ஆனால் பிளினி இதைச் சொல்லும் இடம் கவனிக்கத்தக்கது: ஏழைக்குக் காய்கறித் தோட்டமே வயலாக இருந்தது என்று விளக்கும் பகுதியில்தான் ஜன்னலும் வருகிறது. தொட்டிச்செடியின் வரலாற்றை அரண்மனைகளிலிருந்து அல்ல, நிலமற்ற நகரவாசிகளிடமிருந்தே எழுத வேண்டும்.