சிட்னி – லண்டன்: வான்வழித் தொலைவும் பறப்பு நேரமும்

ஆஸ்திரேலியாவின் சிட்னிக்கும் பிரிட்டனின் லண்டனுக்கும் இடையே, புவிப்பரப்பின் மீது அளந்தால் மிகக் குறுகிய வழி ஏறத்தாழ 17,000 கி.மீ. பூமியில் எந்த இரண்டு ஊர்களும் சுமார் 20,000 கி.மீ.க்கு மேல் விலகியிருக்க முடியாது. பெரிய நகரங்களில் இந்த அளவுக்கு எதிரெதிரே அமைந்து, இவ்வளவு நெருக்கமான உறவும் கொண்டவை அரிது. சிங்கப்பூரில் நின்று செல்லும், ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸின் விமானம் இத்தொலைவைக் கடக்க, தரையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்து, ஏறக்குறைய ஒரு முழு நாள் எடுத்துக்கொள்கிறது.

1919இல் ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்கள் இரண்டு மெக்கானிக்குகளுடன் இங்கிலாந்திலிருந்து டார்வின் வந்து சேர ஏறத்தாழ நான்கு வாரம் ஆனது. 1938இல் நீரில் இறங்கும் விமானங்கள் சிட்னியிலிருந்து சவுதாம்ப்டனுக்குப் பத்து நாளுக்குள் சென்றன. 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதும் அந்த வழி அறுந்தது. அதை மீட்ட முயற்சியே இவ்வழித்தட வரலாற்றின் மிகத் துணிச்சலான பகுதி. 1943 முதல் 1945 வரை கேட்டலினா விமானங்கள் பெர்த்திலிருந்து இந்தியப் பெருங்கடலைத் தாண்டி, இலங்கையில் காலிக்கு அருகிலுள்ள கொக்கலை ஏரியில் வந்து இறங்கின. எதிரிக்குத் தெரியாதிருக்க வானொலியை மௌனமாக வைத்து, விண்மீன்களைப் பார்த்தே திசை கண்டார்கள். எரிபொருளின் எடை போக மூன்று பயணிகளுக்குத்தான் இடம். 27 முதல் 33 மணி நேரம் நீண்ட ஒரே பறப்பில் இரண்டு சூரிய உதயங்கள் தென்பட்டதால் ‘இரட்டைச் சூரியோதயம்’ என்று அச்சேவை பெயர் பெற்றது.

போருக்குப் பின், 1947 டிசம்பரில் லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் விமானம் டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி வழியாக நான்கு நாளில் லண்டனை அடைந்தது. 2018 மார்ச்சில் பெர்த் – லண்டன் இடைநில்லாச் சேவை தொடங்கியது: ஏறத்தாழ 14,500 கி.மீ., 17 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல்.

போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஒன்றல்ல. உயர்வானில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பலத்த காற்று ஆஸ்திரேலியா திரும்பும் விமானத்தை உந்துகிறது. லண்டன் செல்வதை எதிர்க்கிறது. 2024 ஏப்ரலில் மத்திய கிழக்கின் பதற்றத்தால் சுற்றுவழியில் செல்லவேண்டி வந்தபோது இது தெளிவாகத் தெரிந்தது. பெர்த்திலிருந்து லண்டன் சென்ற விமானம் எரிபொருளுக்காகச் சிங்கப்பூரில் இறங்கியது. திரும்பியதோ நிற்காமல் பெர்த் சேர்ந்தது. பயணச்சீட்டிலுள்ள உள்ளூர் நேரத்தைக் கழித்துப் பார்த்தால் பறப்பு நேரம் கிடைக்காது. கோடைகால நேர மாற்றம் இரு நாடுகளிலும் எதிரெதிர் மாதங்களில் வருவதால், சிட்னி லண்டனைவிட 9, 10 அல்லது 11 மணி நேரம் முந்தியிருக்கும்.

சிட்னி வரை நிற்காமல் பறப்பது ஏற்கெனவே நடந்துள்ளது, ஆனால் கட்டணப் பயணிகள் இல்லாமல். 1989 ஆகஸ்டில் ஒரு போயிங் 747-400 லண்டனிலிருந்து 20 மணி 9 நிமிடத்தில் வந்தது. எரிபொருளை மிச்சப்படுத்த அதை ஓடுபாதைவரை இழுத்தே சென்றார்கள். 2019 நவம்பரில் ஒரு போயிங் 787-9 ஆய்வுப் பறப்பாக 19 மணி 19 நிமிடத்தில் வந்தது. வழக்கமான இடைநில்லாச் சேவைக்காகக் குவாண்டாஸ் ஏர்பஸ் ஏ350-1000 விமானங்களை, 20,000 லிட்டர் கூடுதல் எரிபொருள் தொட்டியுடன் வாங்குகிறது. பல நிறுவனங்கள் 300க்கு மேற்பட்ட இருக்கைகள் வைக்கும் அந்த விமானத்தில் இங்கே 238 மட்டுமே. போர்க்காலச் சேவையின் நினைவாக இத்திட்டத்துக்குச் ‘சன்ரைஸ்’ (சூரியோதயம்) என்று பெயரிட்டிருக்கிறார்கள்.